பதினான்கு எஞ்சின் கேக்குகள்

டுலூத்
செப்டம்பர் 18, 2023

மதிப்புக்குரிய வெர்னன் அவர்களுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். புதன்கிழமை நானே வாசல் பெட்டியிலிருந்து எடுத்து வந்து உங்கள் மேஜையில் வைப்பேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. பத்து நாட்களாக நான் உங்கள் அறைக்குள் வந்ததுமே நீங்கள் அடிப்பதைப் பேசிக் காட்டும் டேப்லெட்டை அணைத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே குரல் அதுதான். என் முன்னால் அதை அணைப்பது கதவைச் சாத்துவது போலத்தான் என்பது எனக்குப் புரிகிறது.

நடந்ததற்கு நான்தான் காரணம். எம்.ஏ. வகுப்பில், நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் உங்களைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றி, 'திரு. டி' என்று போட்டேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராசிரியர் குறிப்போடு திருப்பி அனுப்பியதை நம் பராமரிப்பு இல்லத்துப் பிரிண்டரில் அச்செடுத்து, எடுக்க மறந்து வீட்டுக்குப் போனேன். நீங்கள் உங்கள் கடிதம் ஒன்றை அச்செடுக்கப் போனபோது, அதோடு என் ஒன்பது பக்கமும் வந்திருக்கிறது.

நேரில் சொல்ல மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது.

மன்னித்துவிடுங்கள்.

கைசா லாட்டி
(திங்கள், புதன், வெள்ளி மாலை ஷிஃப்ட்)


செப்டம்பர் 27

கைசா,

உன் ஷிஃப்ட் எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக என் சட்டைப் பொத்தானை நீதான் போடுகிறாய்.

நான் ஒரே விரலில் அடிக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு இரண்டு காலை ஆகும். அதனால் மரியாதை வார்த்தைகளை விட்டுவிடுகிறேன்.

ஒன்பது பக்கமும் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். பேராசிரியர் 'கூர்ந்த கவனிப்பு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் திரு. டி யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளுக்கு ரயில் என்றால் உயிராம். அறை முழுக்க ரயிலாம். ஜன்னல் வழியே இரும்புத் தாது ரயில் போவதைப் பார்ப்பதுதான் அவர் நாளின் இன்பமாம்.

எனக்கு ரயில் பிடிக்காது.

கேட்காமல் எழுதினாய் என்று எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கேட்காமல் எழுதியும் தப்பாக எழுதினாயே என்பதுதான் பெரிய கோபம்.

கடிதமே நல்லது. தொடர்ந்து எழுது. இந்த வீட்டில் நான் டேப்லெட்டில் எதைச் சொன்னாலும் ஷிஃப்ட் முடிவதற்குள் தினப்பதிவேட்டில் ஏறிவிடும். தபாலை மட்டும் யாரும் பிரிக்கக்கூடாது என்று சட்டம்.

வெர்னன் ஸ்டோல்பி


அக்டோபர் 3

அன்புள்ள வெர்னன்,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ரயில் பிடிக்காதா? உங்கள் படுக்கை விரிப்பில் ரயில். சுவர்க்கடிகாரத்தில் ரயில். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எஞ்சின் வடிவக் கேக். வருடாவருடம் ரயில் காட்சிசாலைக்குக் கூட்டிப்போகிறோம். உங்கள் ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில், 'விருப்பங்கள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியே அதுதான்: 'வெர்னனுக்கு ரயில்கள் மிகவும் பிடிக்கும்.' வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதே அந்தத் திட்டம்தான்.

அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆசையாக இருக்கிறது. பழைய திட்டங்களும் பதிவேடுகளும் கீழறை அலமாரியில் இருக்கின்றன. இந்த முறை கேட்டுவிட்டே செய்கிறேன். உங்களைப் பற்றிய அந்தக் காகிதங்களை நான் பார்க்கலாமா?

வேண்டாம் என்றால் வேண்டாம். ஆய்வுக்கு வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று வீட்டில் இந்தப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. என் அப்பா காகித ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "ஒரு டிகிரிதான் வாங்கிட்டியேம்மா. அடுத்தவனுக்குப் பல்லு தேச்சு விடுறதுக்கு இன்னொரு டிகிரி எதுக்கு?" என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். உங்கள் கடிதம் பையில் இருந்தது. பதில் அதற்குள் எங்கோ இருக்கிறது என்று தோன்றியது.

கைசா


அக்டோபர் 11

கைசா,

பார். ஆனால் கண்டுபிடித்ததை முதலில் எனக்குச் சொல். பேராசிரியருக்கு அப்புறம்.

உன் அப்பாவிடம் சொல்: பல் தேய்த்துவிட டிகிரி தேவையில்லைதான். தேய்க்கும்போது வாய் நிறைய நுரையோடு இருக்கிறவனிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. டார்லாவுக்கு ஒன்பது வருடமாகத் தெரியவில்லை.

டார்லா மோசமில்லை. நல்ல வீட்டு மேலாளர். ஆனால் ஐம்பத்தேழு வயது ஆளை "செல்லம்" என்கிறாள்.

இன்னொன்று. எனக்கு டேப்லெட் வந்தது ஆறு வருடம் முன்னால். அதற்கு முன்பு என் வாய்ப்பேச்சில் பத்தில் ஒரு வார்த்தைதான் மற்றவர்களுக்குப் பிடிபடும். டேப்லெட் வந்த முதல் வாரமே அடித்தேன்: எனக்கு ரயில் பிடிக்காது. டார்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாருங்கடி, இந்த மனுஷன் ஜோக் அடிக்கிறாரு!" அந்த வருடத் திட்டத்தில் புது வரி ஏறியது. தேடிப் பார். 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்.'

வெர்னன்


அக்டோபர் 22

அன்புள்ள வெர்னன்,

கண்டுபிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை விடுமுறையில் வந்து கீழறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டார்லா எட்டிப் பார்த்து, "என்னடி, படிப்பு இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கும் இறைச்சியுமாக ஒரு தட்டு ஹாட்டிஷ் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டுக்கொண்டே பின்னோக்கிப் புரட்டினேன்.

2022: 'ரயில்கள் மிகவும் பிடிக்கும்.' 2021, 2020, 2019, எல்லாவற்றிலும் அதே வரி, அதே சொற்கள். 2012இல் 'மிகவும்' இல்லை. 2010இல் 'ரயில்களில் ஆர்வம் உண்டு.' அதற்கு முன்னால் திட்டம் இல்லை. நீங்கள் இங்கே வந்த 2009இன் தினப்பதிவேடுதான் இருக்கிறது. அக்டோபர் 14 அன்று யாரோ நீல மையில் எழுதியிருக்கிறார்கள்: 'விடியற்காலை 5.10. ரயில் போனது. வெர்னன் விழித்துக்கொண்டு ரயிலைப் பற்றி நிறையப் பேசினார்.' 15ஆம் தேதி: 'இன்றும் ரயிலைப் பற்றிப் பேசினார். உற்சாகமாகக் கையை ஆட்டினார்.' 19ஆம் தேதி: 'ரயில், ரயில் என்றே சொல்கிறார்.'

நவம்பர் 2: 'வெர்னனை மேற்குப்புற அறைக்கு மாற்றினோம். இனி ரயிலை அருகிலேயே பார்க்கலாம். மிகுந்த உணர்ச்சிவசப்பட்டார்.'

நான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அப்புறம் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. தூக்கம் கெட்டு நீங்கள் திட்டியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களைத் தண்டவாளத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறார்கள். அன்போடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாமா என்று பேருந்தில் யோசித்தேன். கடந்த வருடத் திட்டத்தைத் தயாரித்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. டார்லா பழையதைக் கொடுத்து, "தேதியை மட்டும் மாத்திடு" என்றார். மாற்றினேன். உங்கள் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. வந்து கேட்கவில்லை.

கைசா


அக்டோபர் 31

கைசா,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் சக்கர நாற்காலியின் பிரேக் விட்டுப் போயிற்று. சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். நேற்றைய பதிவேட்டைப் பார். 'வெர்னன் நல்ல மனநிலையில் இருந்தார். ரயில் போனது காரணமாக இருக்கலாம்.'

உண்மையிலேயே எழுதியிருக்கிறார்கள். பார்.

உன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னாய். சொன்னதால் மற்றதைச் சொல்கிறேன்.

எட்டாம் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையலறை, சாய்தளம் உண்டு. பக்கத்து வீட்டில் என் நண்பன் எம்மெட். எனக்குக் காலையிலும் மாலையிலும் உதவி ஆள் வந்தால் போதும். அதற்கான மணி நேரத்தைக் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம்தான் ஒதுக்க வேண்டும். டிசம்பர் 5 என் ஆண்டுத் திட்டக் கூட்டம். கவுண்டி அதிகாரி க்ளென் வருவார். இந்தக் கூட்டத்தில் முடியாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஐம்பத்தேழு வயதில் எனக்கு ஒரு வாசல் சாவி இருந்ததில்லை.

கூட்டத்தில் எனக்குச் சொல்ல ஆறு வாக்கியம் இருக்கிறது. ஒரு வாக்கியம் அடிக்க இரண்டு நிமிடம். மொத்தம் பன்னிரண்டு. ஆனால் இருபது வினாடிக்கு மேல் யாராலும் சும்மா இருக்க முடியாது. பாதியில் "என்ன செல்லம், ஜூஸ் வேணுமா?" என்பார்கள். முன்னாலேயே அடித்து வைத்துப் பொத்தானை அழுத்தலாமே என்று நினைக்காதே. மூன்று வருடம் முன் செய்தேன். "இதை யாரு எழுதிக் கொடுத்தா?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பன்னிரண்டு நிமிடம் காவல் வேண்டும். நீ காக்க வேண்டும்.

வெர்னன்


நவம்பர் 9

அன்புள்ள வெர்னன்,

நீங்கள் தப்பான ஆளிடம் கேட்கிறீர்கள்.

வகுப்பில் எங்களுக்குத் திரை வழியேதான் பாடம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சக்கர நாற்காலிப் பேருந்து ஓட்டுகிற ஒருவர் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பேசுவார். பள்ளி உதவியாளர் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வாதம் செய்வாள். நான் கேமராவை அணைத்துவிட்டுக் குறிப்பெடுப்பேன். போன வாரம் பேராசிரியர், "கைசா, உங்க கருத்து?" என்றார். இணையம் போய்விட்டது போல நடித்தேன்.

டார்லா எதிரில் உட்கார்ந்திருப்பார். என் ஷிஃப்டைப் போடுவது அவர்தான். எனக்கு ஹாட்டிஷ் வைப்பதும் அவர்தான். அவரை நான் எப்படிக் கையமர்த்துவேன்? என் கழுத்து சிவந்து குரல் கீச்சென்று போய்விடும். உங்கள் வீடும் போய்விடும்.

எம்மெட் வரலாமே. அல்லது காலை ஷிஃப்ட் ரோலண்ட், அவர் யாருக்கும் பயப்படமாட்டார்.

கைசா


நவம்பர் 16

கைசா,

ரோலண்ட் யாருக்கும் பயப்படமாட்டான். வாயையும் மூடமாட்டான். என் பன்னிரண்டு நிமிடத்தில் பதினொன்றை அவன் பேசுவான்.

நீ பேச வேண்டும் என்று யார் சொன்னது? நான் இங்கே எத்தனையோ ஊழியர்களைப் பார்த்துவிட்டேன். நான் அடிக்கும்போது திரையை எட்டிப் பார்த்து வார்த்தையை ஊகிக்காத ஒரே ஆள் நீ. நீ பாட்டுக்குச் சும்மா நிற்பாய். முதலில் அக்கறையில்லாதவள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, காத்திருக்கிறாய் என்று. இந்த ஊரில் அந்த வித்தை தெரிந்தவர்கள் குறைவு. மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். உனக்குத் தெரியும்.

உனக்கு ஒரே ஒரு வாக்கியம். "அவர் இன்னும் முடிக்கல." அவ்வளவுதான். கீச்சென்று சொன்னாலும் பரவாயில்லை.

என்னைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினாய். எனக்காக மூன்று வார்த்தை சொல்ல முடியாதா?

வெர்னன்


டிசம்பர் 6

அன்புள்ள வெர்னன்,

நேற்று நீங்களும் அங்கே இருந்தீர்கள். இருந்தும் எழுதுகிறேன். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், முகங்களைப் பார்க்கவில்லை. நான் முகங்களை மட்டும்தான் பார்த்தேன்.

முதல் வாக்கியம் வரும்வரை பிரச்சினை இல்லை. 'இந்தத் திட்டத்தின் இரண்டாம் பக்கம் தவறு' என்று டேப்லெட் சொன்னதும் க்ளென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். டார்லா என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

இரண்டாவது வாக்கியத்தில் நாற்பது வினாடி ஆனபோது டார்லா, "அவரு என்ன சொல்ல வர்றாருன்னா க்ளென்..." என்று ஆரம்பித்தார்.

என் கழுத்து சுட்டது. "அவர் இன்னும் முடிக்கல," என்றேன். எலி கத்துவது போல இருந்தது. டார்லாவுக்குக் கேட்கவே இல்லை. "...ரயில் படம் புதுசா வேணும்னு..." என்று போய்க்கொண்டே இருந்தார்.

அப்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. "அவர் இன்னும் முடிக்கல!" இந்த முறை சமையலறையில் ரோலண்டுக்கே கேட்டிருக்கிறது. நாற்காலியை எடுக்கக் குனிந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து அப்படியே நின்றேன். நான் பன்னிரண்டு நிமிடமும் நின்றது அதனால்தான். நீங்கள் வீரம் என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அறை அமைதியானது. உங்கள் விரல் கண்ணாடியில் படும் சத்தம் மட்டும். க்ளென் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்து மூடினார். நான்காவது வாக்கியத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக உங்களைப் பார்த்தார். 'ரயிலை நான் திட்டினேன். நான் ரசித்ததாக நீங்கள் எழுதினீர்கள்' என்று டேப்லெட் சொன்னபோது டார்லாவின் கை வாய்க்குப் போனது. 'எனக்கு ஒரு சாவி வேண்டும்' என்ற கடைசி வாக்கியம் முடிந்ததும், பேசலாமா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்! நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையசைத்தீர்கள். க்ளென், "எப்போ மாறணும்னு நெனைக்கிறீங்க, வெர்னன்?" என்று கேட்டார். என்னையோ டார்லாவையோ பார்த்துக் கேட்கவில்லை. உங்களிடம் கேட்டார்.

மூன்று மாதப் பரிசோதனை, ஜனவரி முதல். நீங்கள் கேட்ட எல்லா மணி நேரமும்.

நீங்கள் பார்க்காத இன்னொன்று. கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போது டார்லா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஷிஃப்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "ஒம்பது கேக்குடி! ஒம்பது வருஷமா அந்தச் சனியன் எஞ்சினுக்குச் சக்கரம் சக்கரமா க்ரீம் பிழிஞ்சேன். மணிக்கட்டு போச்சு. எனக்கும்தான்டி ரயிலு புடிக்காது!" என்றார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. இரண்டு பேரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். ஒரே துண்டு, பாத்திரம் துடைப்பது.

போகும்போது, "அவருக்கு நெஜமா என்ன கேக்கு புடிக்கும்? நீ கேட்டு வை," என்றார். அவரையே கேட்கச் சொன்னேன். இன்று காலை உங்கள் அறை வாசலில் கதவைத் தட்டிவிட்டு நின்றாராமே. ரோலண்ட் சொன்னார். டார்லா தட்டினார் என்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை.

கைசா


எட்டாம் தெரு
ஜனவரி 24, 2024

கைசா,

மேலே முகவரியைப் பார்த்தாயா? மூன்று தடவை அடித்தேன். தப்பு வந்ததால் இல்லை.

டார்லாவிடம் எலுமிச்சைக் கேக் என்றேன். வீடு புகுந்த அன்று கொண்டுவந்தாள். வட்டமாக இருந்தது. சக்கரம் இல்லாத கேக்கை நான் பதினான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். "செல்லம்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு "வெர்னன்" என்றாள். பாவம், பழக்கம். மாதம் ஒரு தடவை சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டேன்.

சாவி என் கழுத்தில் நாடாவில் தொங்குகிறது. உதவி ஆள் வந்து மணி அடித்தால் நான் போய்த் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. காத்திருக்கிறார்கள். எம்மெட்டுக்கு மட்டும் பொறுமை இல்லை. "செத்துட்டியா உள்ள?" என்று ஜன்னலில் கத்துகிறான்.

உன் ஆய்வு. எழுது. திரு. டி வேண்டாம், என் பெயரைப் போடு. அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. நான் திருத்துவேன். நிறையத் திருத்துவேன். உன் பேராசிரியர் கருத்துக் கேட்டால் கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு. கீச்சென்று பேசு.

உன் அப்பா இன்னும் கேட்கிறாரா, எதற்கு இரண்டாவது டிகிரி என்று? அந்த நாற்காலி விழுந்த கதையைச் சொல்.

கடைசியாக ஒரு விஷயம். இதை உன்னை நம்பித்தான் எழுதுகிறேன். இந்தத் தெரு மிகவும் அமைதி. பனி விழுகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருக்கிறது. மூன்று வாரமாகச் சரியாக விடியற்காலை ஐந்து பத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வந்து, படுத்தபடி காத்திருக்கிறேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். அது வருவதில்லை. அதன் பிறகு தூக்கமும் வருவதில்லை.

அடுத்த முறை பழைய வீட்டில் காலை ஷிஃப்ட் வந்தால், மேற்குப்புற ஜன்னலைத் திறந்து, உன் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பு. ஊதல் வரும் இடம் முக்கியம்.

திட்டத்தில் எழுதினாயோ, கொன்றுவிடுவேன்.

வெர்னன்